மண்ணுக்கு அடியில் ஒரு தங்கவயல்

தமிழர் இல்லங்களில் திருமணம் என்றால் பொன் இல்லாமல் இருப்பது அரிது. குன்றிமணி அளவு தங்கமாவது தாலியில் இருக்க வேண்டும் என்று எண்ணும் குடும்பங்கள் பல. நகைக்கடைக்குச் செல்பவர்கள் அதன் எடையைப் பார்க்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், வேலைப்பாட்டை வியக்கிறார்கள். ஆனால், அந்தப் பொன் எந்தப் பாறைக்குள் கிடந்தது, அதை யார் வெட்டியெடுத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஊர் ஒன்று தென்னிந்தியாவில் இருக்கிறது. கர்நாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூரின் பெயர் கோலார் தங்கவயல். பெயரில் வயல் இருந்தாலும் அங்கு விளைந்தது நெல் அன்று. தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி மனிதர்கள் அங்கே பொன்னைத் தேடினார்கள்.

கல்லுக்குள் பொன் வந்த கதை

தங்கவயலின் கதை மனிதர்கள் தோன்றுவதற்கு மிக முன்பே தொடங்கிவிட்டது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்று கோலார் இருக்கும் இடத்தில் தண்ணீர் சூழ்ந்திருந்தது. அந்நீரின் அடியில் எரிமலைகள் குமுறின. வெளியே வந்த பாறைக்குழம்பு குளிர்ந்த நீரைத் தொட்டதும் அதன் மேற்பரப்பு சட்டென்று இறுகியது. அதனால் அக்குழம்பு தலையணைகளை அடுக்கி வைத்ததுபோல உருண்டு திரண்டு கல்லானது. இவ்வகைப் பாறைகளைத் ‘தலையணைப் பாறைகள்’ என்று நிலவியல் அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். எரிமலைக் குழம்பு நீருக்குள் இறுகும்போதுதான் இந்த வடிவம் உருவாகும். கடலே இல்லாத கோலார் மாவட்டத்தில் இப்பாறைகளை இன்றும் காணலாம். அங்கு ஒரு காலத்தில் நீர் இருந்ததற்கு அவையே சான்று.

பின்னர், நிலத்தின் பெரும் நகர்வுகளால் இப்பாறைகள் நெருக்குண்டன, மடிந்தன, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கருமையான கடினப் பாறைகளாக உருமாறின. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு குறுகிய பட்டையைப்போல அவை நீண்டு கிடக்கின்றன. இந்தப் பட்டையில் நெடிய வெடிப்புகள் ஏற்பட்டன. பூமியின் ஆழத்திலிருந்து மிகுந்த சூடான நீர் அவ்வெடிப்புகளின் வழியே மேலேறி வந்தது. அந்நீரில் கந்தகம் கலந்திருந்தது. அக்கந்தகத்தோடு சேர்ந்து தங்கமும் நீரில் கரைந்திருந்தது. மேலே வரவர அழுத்தமும் வெப்பமும் குறைந்தன. அதனால் நீரில் கரைந்திருந்தவை வெடிப்புகளின் சுவர்களில் படியத் தொடங்கின. குவார்ட்ஸ் எனப்படும் வெண்ணிறப் படிகக்கல்லும் அதனூடே தங்கத் துகள்களும் உருவானது இப்படித்தான்.

பொதுவாக ஒரு டன் பாறையை எடுத்துக்கொண்டால் அதில் சில மில்லிகிராம் தங்கம் மட்டுமே இருக்கும். அதைப் பிரித்தெடுப்பது வீண் வேலை. கோலாரிலோ, இயற்கையே பல கோடி ஆண்டுகள் உழைத்து அந்தத் தங்கத்தை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருந்தது. தொடக்கக் காலத்தில் அங்கு ஒரு டன் பாறையிலிருந்து 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. ஐந்து பவுன் சங்கிலி செய்ய ஒரு டன் கல் போதும் என்பது சுரங்கத் தொழிலில் பெரும் செல்வம். ஆயினும், அந்தச் செல்வம் பரந்து கிடக்கவில்லை. ‘சாம்பியன் ரீஃப்’ என்று பெயரிடப்பட்ட முதன்மையான படிகக்கல் வரி, பல இடங்களில் ஒரு மீட்டர் அளவே அகலமுடையது. நிலத்துக்குள் அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்கிச் சென்றது. ஆகவே, பொன் வேண்டுமென்றால் அதன் பின்னாலேயே இறங்கித்தான் ஆக வேண்டும். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகத் தங்கவயல் மாறியதற்கு இந்த அமைப்பே காரணம்.

வண்டி மண்ணில் தெரிந்த பொன்

அப்பகுதி மக்கள் நெடுங்காலமாகவே குழிகளைத் தோண்டிச் சிறிய அளவில் பொன் எடுத்து வந்தனர். 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் அரசின் எல்லைகளை அளவிடும் பணி தொடங்கியது. அப்பணிக்காக வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, இந்த மண்ணில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். தங்கத்தைக் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார். ஊர்மக்கள் மண்ணை வண்டியில் கொண்டுவந்து, அவர் கண்முன்னே நீரில் அலசிப் பொன்துகள்களைப் பிரித்துக் காட்டினர். 1802ஆம் ஆண்டில் மாரிக்குப்பம் போன்ற சிற்றூர்களில் தாம் கண்டவற்றை வாரன் அறிக்கையாக எழுதினார்.

அந்த அறிக்கை பல்லாண்டுகள் தூங்கிக் கிடந்தது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் வாழ்ந்த மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1871ஆம் ஆண்டில் அதைப் படித்தார். மாட்டுவண்டியில் கோலாருக்குச் சென்று நிலத்தை ஆராய்ந்தார். மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875ஆம் ஆண்டில் சுரங்கம் தோண்டும் உரிமையைப் பெற்றார். ஆனால், பாறையைத் துளைக்கப் பெரும் பணம் தேவைப்பட்டது. அது அவரிடம் இல்லை. உரிமை கைமாறியது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்பவரின் ஆங்கிலேய நிறுவனம் களத்தில் இறங்கியது.

முதல் சில ஆண்டுகள் ஏமாற்றமே மிஞ்சியது. போட்ட பணம் கரைந்துகொண்டே இருந்தது. அப்போது பிளம்மர் என்னும் சுரங்க மேலாளர், முன்னோர் தோண்டிவிட்டுச் சென்ற பழைய குழிகளைக் கூர்ந்து கவனித்தார். அக்குழிகள் நின்ற இடத்துக்குக் கீழே தோண்டச் செய்தபோது, வளம் மிகுந்த சாம்பியன் ரீஃப் தென்பட்டது. பெயர் தெரியாத உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் எப்போதோ கண்டறிந்த இடமே பிற்காலத்தில் பெரிய நிறுவனத்துக்கு வழிகாட்டியது. சில ஆண்டுகளில் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனப் பல சுரங்கங்கள் அங்கு இயங்கத் தொடங்கின.

காவிரி கொடுத்த ஆற்றல்

சுரங்கம் ஆழமாக ஆக, நீரை இறைக்கவும் கல்லை மேலே தூக்கவும் கூடுதல் ஆற்றல் தேவைப்பட்டது. விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவி இயந்திரங்களை ஓட்டுவதற்குச் செலவு மிகுதியாக ஆனது. இதற்குத் தீர்வு காண, காவிரியாற்றின் சிவசமுத்திர அருவியில் மைசூர் அரசு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தது. அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுக்கப்பட்டு, 1902ஆம் ஆண்டில் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கம்பித் தடங்களுள் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு 1905ஆம் ஆண்டில்தான் அம்மின்சாரம் கிடைத்தது.

வெளிச்சம் முதலில் ஊருக்கு வரவில்லை, சுரங்கத்துக்கே வந்தது. அன்றைய ஆட்சியாளர்களின் கணக்கில் தங்கம் எந்த இடத்தில் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

இறங்கியவர்கள் யார்?

கல்லை வெட்டும் கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளாகவே இருந்தன. வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கவயலுக்குக் குடிபெயர்ந்தன. பஞ்சமும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் அவர்களைப் பிறந்த ஊரிலிருந்து வெளியேற்றின. அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதே காலத்தில், அதே மாவட்டங்களிலிருந்து வேறு பல குடும்பங்கள் கப்பலேறி மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தன. ஒரே வறுமை ஒரு பகுதியினரை ரப்பர் மரத்தடிக்கும், மற்றொரு பகுதியினரைப் பாறையின் அடிக்கும் அனுப்பியது எனலாம்.

தங்கவயலில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த மேற்பார்வையாளர்களுக்குத் தோட்டத்துடன் கூடிய பெரிய வீடுகள் கிடைத்தன. தொழிலாளர்களுக்கோ வரிசையாகக் கட்டப்பட்ட ஓரறைக் குடியிருப்புகளே கிடைத்தன. வேலை முடிந்து மேலே வருபவர்கள், தங்கத்தை மறைத்து எடுத்துச் செல்கிறார்களா என்று உடல் சோதனைக்கு ஆளாயினர்.

ஆனாலும், அவர்கள் தங்களைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. தொழிலாளர்களின் விரல்ரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1930ஆம் ஆண்டில் கட்டாயப்படுத்தப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தனர். விரல்ரேகை அக்காலத்தில் குற்றவாளிகளிடம் எடுக்கப்பட்ட ஒன்று. கூலி உயர்வைவிடத் தன்மானம் பெரிது என்பதை அப்போராட்டம் உணர்த்தியது. அறிவுத் தேடலிலும் அவர்கள் பின்தங்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவரது மறைவுக்குப் பின்னர் ஒரு காலகட்டத்தில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பகலெல்லாம் கல் உடைத்தவர்கள் இதழ் படித்தனர், பள்ளிகளை நடத்தினர், சாதி வேற்றுமையை எதிர்த்து வாதாடினர்.

ஆழத்தின் விலை

சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் ஒன்றைப் போல ஏழு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த ஆழம் நிரம்பும். ஒரே கூண்டில் ஏறி அடிவரை செல்ல முடியாது. இரும்புக் கூண்டு ஒன்றில் இறங்கி, அங்கிருந்து நடந்து, அடுத்த கூண்டில் ஏறி மேலும் கீழே செல்ல வேண்டும்.

பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் கூடும். அங்குள்ள பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல் இருந்தது. குளிரூட்டப்பட்ட காற்றை மேலிருந்து செலுத்தாவிட்டால் அங்கு மனிதர்களால் வேலை செய்ய இயலாது. வெப்பத்தைவிடக் கொடியது ‘பாறை வெடிப்பு’. மூன்று கிலோமீட்டர் உயரமுள்ள பாறையின் பாரம் முழுவதும் கீழேயுள்ள பாறையை அழுத்திக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் கல்லை வெட்டியெடுத்ததும் அப்பாரம் சுற்றியுள்ள பாறையின்மீது விழும். தாங்க முடியாத பாறை, எந்த முன்னறிவிப்புமின்றி வெடித்துச் சிதறும். அவ்வதிர்வு மேலே ஊரிலுள்ள வீடுகளையும் குலுக்கும். கீழே யார் வேலையில் இருந்தார்கள் என்ற அச்சத்தோடு குடும்பங்கள் சுரங்க வாயிலுக்கு ஓடும். இதைத் தடுக்கவே, வெட்டிய இடங்களில் கருங்கற்களை அடுக்கித் தாங்குசுவர் எழுப்பினர். பாறையின் அதிர்வுகளைக் கருவிகள் வைத்துப் பதிவு செய்தனர். பாறைகளின் இயல்பை ஆராயும் தேசிய நிறுவனம் 1988ஆம் ஆண்டில் தங்கவயலில் நிறுவப்பட்டதற்கும் இந்த அனுபவமே அடிப்படை.

பாறை வெடிப்பு ஒரு நொடியில் கொல்லும். தூசியோ மெல்ல மெல்லக் கொல்லும். குவார்ட்ஸைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்துவிடும், பிறகு வெளியேறாது. நுரையீரல் தழும்பேறி மூச்சுவிடும் ஆற்றல் குறையும். ‘சிலிக்கோசிஸ்’ எனப்படும் இந்நோயை முற்றிலும் குணப்படுத்த மருந்து இல்லை. 1940களில் தங்கவயல் தொழிலாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தபோது, பத்துப் பேரில் நால்வருக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தது தெரியவந்தது. தங்கத்தைத் தாங்கி நின்ற அதே வெண்கல்லே அதை வெட்டியவர்களின் மூச்சையும் பறித்தது.

கல் பொன்னான விதம்

மேலே கொண்டுவரப்பட்ட கல்லில் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கனமான இரும்பு உலக்கைகளைக் கொண்ட இயந்திரங்கள் கல்லை மாவாக இடித்தன. அம்மாவை நீரோடு கலந்து பாதரசம் பூசிய தகடுகளின்மேல் ஓடவிட்டனர். தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொண்டது. பின்னர்ப் பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக்கியதும் தங்கம் எஞ்சியது. அப்படியும் சிக்காத நுண்துகள்களைப் பிடிக்கச் சயனைடு கரைசல் உதவியது. தங்கத்தைக் கரைக்கும் தன்மை அந்த நஞ்சுக்கு உண்டு. பொன் நீக்கப்பட்ட மாவுமண் ஊருக்கு அருகிலேயே கொட்டப்பட்டது.

பொன்னைவிட அரிய ஒன்று

தங்கவயலின் ஆழம் பொன்னுக்கு மட்டும் பயன்படவில்லை, அறிவியலுக்கும் பயன்பட்டது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பூமியின் காற்றில் மோதும்போது பலவகைத் துகள்கள் உண்டாகின்றன. அவற்றுள் ‘நியூட்ரினோ’ எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும். தரைமட்டத்தில் பிற துகள்களின் இரைச்சலுக்கு நடுவே அதனைக் கண்டறிவது இயலாத செயல். ஆனால், ஆழத்தில் பாறையே வடிகட்டியாகிவிடும். பிற துகள்கள் பெரும்பாலும் பாறையிலேயே நின்றுவிடும். எனவே, டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர்கள் தங்கவயல் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். 1965ஆம் ஆண்டில், காற்றுமண்டலத்தில் உருவான நியூட்ரினோவை அவர்கள் அங்கே கண்டறிந்தனர். உலக இயற்பியல் வரலாற்றில் தங்கவயலின் பெயர் இடம்பெற்றது.

கணக்கு மாறிய காலம்

இந்தியா விடுதலை பெற்றபின், 1956ஆம் ஆண்டில் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962ஆம் ஆண்டில் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972ஆம் ஆண்டில் ‘பாரத் தங்கச் சுரங்க நிறுவனம்’ உருவாக்கப்பட்டது. ஆனால், இயற்கையின் கணக்கு யாருக்காகவும் மாறவில்லை. வளமான கல் தீர்ந்துகொண்டே வந்தது. பிற்காலத்தில் ஒரு டன் பாறையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிராம் தங்கமே கிடைத்தது. அதாவது, ஒரு பவுனுக்காக மூன்று டன்னுக்கு நெருக்கமான பாறையைப் பூமியின் ஆழத்திலிருந்து மேலே தூக்க வேண்டியிருந்தது. காற்றைக் குளிர்விக்கவும் நீரை இறைக்கவும் ஆன செலவு, கிடைத்த பொன்னின் விலையைத் தாண்டியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் சுரங்கப் பாதைகளில் நிலத்தடி நீர் நிறையத் தொடங்கியது.

எடுத்ததும் எஞ்சியதும்

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் தங்கவயல் உலகுக்குத் தந்த பொன் 800 டன். தங்கம் மிகவும் அடர்த்தியான உலோகம் என்பதால், அந்தப் பொன் முழுவதையும் ஒரே கட்டியாக வார்த்தால் அதன் ஒவ்வொரு பக்கமும் மூன்றரை மீட்டர் அளவே இருக்கும். ஒரு வகுப்பறைக்குள் அது அடங்கிவிடும். பாதி அறை காலியாகவும் இருக்கும். அதற்காக வெட்டப்பட்ட பாறையோ ஐந்து கோடி டன்.

பொன் ஊரைவிட்டுப் போய்விட்டது. மாவாக இடிக்கப்பட்ட பாறையில் மூன்று கோடி டன்னுக்கும் மேல் ஊருக்குள் குன்றுகளாக நிற்கிறது. ‘சயனைடு மலைகள்’ என்று மக்கள் அவற்றைக் குறிப்பிடுகின்றனர். புல்லும் எளிதில் முளைக்காத அக்குன்றுகளிலிருந்து, காற்று பலமாக வீசும் நாள்களில் தூசி எழுந்து வீடுகளில் படிகிறது. தூசியை அடக்க மரங்களை நட்டு வளர்க்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. அம்மண்ணில் இன்னமும் சிறிதளவு தங்கம் இருப்பதால், அதை மீண்டும் பிரித்தெடுக்கலாமா என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது.

மக்களும் எஞ்சியிருக்கிறார்கள். சுரங்கம் மூடப்பட்டதால் ஊரைவிட்டுச் சென்றவர்கள் உண்டு. ஆயினும், மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தை விட்டுச் செல்ல மனமில்லாதவர்கள் பலர். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் நிலையத்தில் அவர்கள் இரயிலேறிப் பெங்களூரில் உள்ள தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்கிறார்கள்; இரவில் வீடு திரும்புகிறார்கள். பாட்டனார் கூண்டில் ஏறிக் கீழே இறங்கினார்; பேரப்பிள்ளைகள் இரயிலேறித் தொலைவுக்குச் செல்கிறார்கள்.

ஒரு சுரங்கம் திறக்கப்படும்போது எவ்வளவு பொன் கிடைக்கும் என்ற கணக்கு முதலில் போடப்படுகிறது. அது மூடப்பட்ட பிறகு மண்ணுக்கு என்ன ஆகும், அங்கு உழைத்தவர்களின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு, அவர்களின் பிள்ளைகள் எந்த வேலைக்குச் செல்வார்கள் என்ற கணக்குகளையும் அதே நாளில் போட வேண்டும் என்பதே தங்கவயல் கற்றுத்தரும் பாடம். உலகின் பல நாடுகளில் இன்றும் புதிய சுரங்கங்கள் திறக்கப்படுகின்றன. கைப்பேசிகளுக்கும் மின்கலன்களுக்கும் தேவையான உலோகங்கள் அவற்றிலிருந்தே வருகின்றன. அங்கெல்லாம் இந்தப் பாடம் நினைவில் கொள்ளப்பட்டால், தங்கவயல் மக்கள் கொடுத்த விலை வீண்போகாது.